டாம்பரேயா, ஜப்பானா: பனித்தளம் பார்க்கப் போகும் ஒரு காரைக்குடி வீட்டின் ஐந்தொகை

வரும் 2026–27 பருவத்தில் ஒரு பெரிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியை நேரில் பார்த்துவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது; எந்தப் போட்டி என்பதில்தான் இழுபறி. போகிறவர்கள் மூன்று பேர்: நான், பிளஸ் 1 படிக்கும் என் அக்காள் மகள், அறுபத்தேழு வயதான என் ஆத்தா. அக்காள் மகள், சர்வதேசச் சறுக்குச் சங்கம் யூடியூபில் இலவசமாகக் காட்டும் ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டிகளைப் பார்த்தே இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவள்; தாவப்போவது லுட்ஸா ஃபிளிப்பா என்பதைக் கால் பனியை விட்டு எழும்பும் முன்பே சொல்லிவிடுவாள். ஆத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. இணைச் சறுக்கலில் பையன் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கும்போது மட்டும் பதறி எழுந்து நிற்பார்கள். மூவருக்கும் சேர்த்துச் செலவின் உச்ச வரம்பு ஏழு லட்சம் ரூபாய். ஊரை விட்டு இருக்கக்கூடிய நாள்கள் அதிகபட்சம் ஒன்பது. இந்த இரண்டு வரம்புகளுக்குள் நின்றுதான் கீழே உள்ள ஒப்பீடு அனைத்தும் செய்யப்பட்டிருக்கிறது.

தள்ளிவிட வேண்டியவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். குளிர்கால ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 2026இல் மிலானில் நடந்து முடிந்தது, அடுத்தது 2030இல் பிரெஞ்சு ஆல்ப்ஸில். ஜனவரியில் நடக்கும் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானியரும் கொரியரும் அமெரிக்கரும் இருக்கமாட்டார்கள் என்பதால் எங்கள் வீட்டு இளையவளுக்கு அதில் நாட்டமில்லை. நம் நாட்டிலேயே பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: டேராடூனில் நல்ல உள்ளரங்கப் பனித்தளம் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய அளவிலான போட்டியும் நடந்தது, ஆனால் அது குறுந்தட வேகச்சறுக்கு. பனியும் காலணியும் இரண்டுக்கும் உண்டு என்பதைத் தவிர, ஓட்டப்பந்தயத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் உள்ள தொலைவு அவற்றுக்கிடையே இருக்கிறது.

ஆசியா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஓசியானியா ஆகிய பகுதிகளுக்காக 1999 முதல் நடக்கும் நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப் எங்களுக்கு ஓரளவு பொருந்தி வந்தது. 2024இல் ஷாங்காய், 2025இல் சியோல், 2026இல் பெய்ஜிங் என்று அண்மை ஆண்டுகளில் அது கிழக்காசியாவிலேயே சுற்றி வருகிறது. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால் தைப்பூசத்தோடு மோதுகிறது. பழனி நடைப்பயணத்துக்குக் காவடி கிளம்பும் வாரத்தில் ஆத்தாவை விமானத்தில் ஏற்றுவது நடக்கிற காரியம் அல்ல. கிராண்ட் பிரீ இறுதிப்போட்டியும் இப்படித்தான்: டிசம்பர் முற்பாதியில் அது நடக்கிறது, கார்த்திகைத் தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது, பள்ளியில் அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். தவிரவும் அந்த இறுதிப்போட்டியின் அமைப்பே தொலைவிலிருந்து வருகிறவர்களுக்குச் சங்கடமானது. கிராண்ட் பிரீ என்பது ஆறு போட்டிகள் கொண்ட தொடர்; அவற்றில் ஒருவர் கலந்துகொண்ட போட்டிகளில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடத்தில் இருப்பவர்களை மட்டுமே அழைக்கிறார்கள். அந்த ஆறு பேர் யார் என்பது போட்டிக்கு இரண்டொரு வாரம் முன்புதான் உறுதியாகும். 2022இல் டூரின், 2023இல் பெய்ஜிங், 2024இல் கிரெனோபிள், 2025இல் நகோயா என்று ஊர் மாறிக்கொண்டே வருகிறது. யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமல் மூன்று பேருக்கு விமானச் சீட்டு எடுக்கும் துணிவு எனக்கில்லை.

ஆகவே மிஞ்சி நிற்பவை இரண்டு: 2027 மார்ச் இறுதியில் பின்லாந்தின் டாம்பரே நகரில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்; நவம்பரில் ஜப்பானில் நடக்கும், அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயர் தாங்கிய என்.எச்.கே. டிராஃபி. (டாம்பரே என்ற பெயரை முதல் தடவை கேட்டதும், "தாம்பரத்துக்குப் போகவா இவ்வளவு பேச்சு, பல்லவனில் ஏறினால் போதாதா" என்று ஆத்தா கேட்டார்கள்.)

உலகச் சாம்பியன்ஷிப்பின் பெருமை அதன் அகலத்தில் இருக்கிறது. ஆண்கள், பெண்கள், இணைச் சறுக்கல், ஐஸ் நடனம் என்ற நான்கு பிரிவிலும் ஒரு நாட்டிலிருந்து மூன்று இடங்கள் வரை கிடைக்கும் என்பதால், வலுவான நாடுகளின் சிறந்தவர்களும் எங்கோ ஒரு மூலை நாட்டின் ஒற்றைப் போட்டியாளரும் ஒரே தளத்தில் இறங்குகிறார்கள். தனிநபர் பிரிவின் முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் முப்பது பேரோ அதற்கு மேலோ சறுக்குவார்கள். அவர்களில் 24 பேரும், இணை மற்றும் நடனப் பிரிவுகளில் 20 ஜோடிகளும் இரண்டாம் சுற்றுக்குப் போகிறார்கள்; தனிநபர், இணைப் பிரிவுகளில் அதற்கு ஃப்ரீ ஸ்கேட் என்று பெயர். ஒருவர் சறுக்கி முடித்து மதிப்பெண் வர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. இடையிடையே பனியைச் சீரமைக்கும் வண்டி வந்து போகிறது. கணக்குப் பார்த்தால் தனிநபர் பிரிவின் ஒரு சுற்றே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். இப்படி நான்கு நாள், ஐந்தாம் நாள் மதிப்பெண் இல்லாத காட்சி நிகழ்ச்சி. விளையாட்டை ஊன்றிக் கற்றவர்களுக்கு இது விருந்து. முதல் குழுவில் தடுமாறும் இளைஞரையும் கடைசிக் குழுவில் நான்கு சுற்றுத் தாவலைக் கால் நுனியில் எழுப்பும் வீரரையும் ஒரே மாலையில் பார்க்கும்போதுதான், தொலைக்காட்சியில் எளிதாகத் தெரிந்தவை எவ்வளவு கடினம் என்பது விளங்குகிறது. ஆனால் குளிரூட்டிய அரங்கில், செங்குத்தான படிகளின் மேல், முழங்கால் வலியோடு இருக்கும் ஆத்தா நான்கு நாளும் பத்து மணி நேரம் உட்காருவார்களா என்பது வேறு கேள்வி.

என்.எச்.கே. டிராஃபி இதற்கு நேர் எதிர். கிராண்ட் பிரீ தொடரின் ஜப்பானியக் கட்டமான இது 1979இல் தொடங்கிய பழைய போட்டி. ஊர் மாறி மாறி வருவது, 2022இல் சப்போரோ, 2023இல் ஒசாகா, 2024இல் டோக்கியோ, 2025இல் மறுபடியும் ஒசாகா. தனிநபர் பிரிவுகளில் பன்னிரண்டு பேர், இணைச் சறுக்கலில் எட்டு ஜோடி, நடனத்தில் பத்து ஜோடி என்று குறைவானவர்களையே அழைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் வெள்ளியும் சனியும் போட்டி, ஞாயிறு காட்சி நிகழ்ச்சி என்று மூன்றே நாளில் முடிந்துவிடுகிறது. இரண்டே நாளில் நான்கு பிரிவும் தொடங்கி முடிவதால், வெள்ளிக்கிழமை ஷார்ட் புரோகிராமில் விழுந்தவர் சனிக்கிழமை ஃப்ரீ ஸ்கேட்டில் எழுந்து நிற்கும் கதை, இடையில் ஆறிப்போகாமல் கண்முன்னே நிகழ்கிறது. ஒன்பது நாள் விடுப்பில் மூன்று நாள் போட்டிக்கு என்றால், மீதி நாள்களைக் கியோட்டோவுக்கோ நாராவுக்கோ கொடுக்கலாம்.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போட்டியைத் தேர்வு செய்யும்போது பலரும் தமக்குப் பிடித்த ஒருவரை வைத்தே தேர்வு செய்கிறார்கள். இந்த விளையாட்டில் அது சரியான அளவுகோல் அல்ல. ஜப்பானின் புகழ்பெற்ற வீரர் யுசுரு ஹன்யூ 2022 ஜூலையில் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, அவருக்காகவே அடுத்த பருவத்துக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்? மறுபுறம், அதே 2022இல் பதினாறு வயதில் ஓய்வு அறிவித்த அமெரிக்காவின் அலிசா லியு, 2024இல் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் போஸ்டனில் உலகப் பட்டம் வென்றார். அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் அந்தப் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர் ஜப்பானின் கவோரி சகமோட்டோ. காயம், வளர்ச்சி, மனச்சோர்வு, படிப்பு என்று ஆயிரம் காரணங்களால் பெயர்ப்பட்டியல் கடைசி வாரம் வரை மாறுகிறது. அக்காள் மகளிடம் இதைச் சொன்னபோது முகம் வாடினாலும், போட்டியாளர் ஒருவர் வராமல் போனாலும் பார்த்தது வீணில்லை என்று தோன்றுகிற போட்டியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாள். இந்த அளவில் உலகச் சாம்பியன்ஷிப்புக்கே வலு அதிகம். அங்கே ஒருவர் விலகினால் எஞ்சியிருப்பவர்கள் ஏராளம். பன்னிரண்டு பேர் உள்ள போட்டியில் இரண்டு பேர் விலகினால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

இருக்கை பற்றியும் சொல்ல வேண்டும். சறுக்குத் தளம் அறுபது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் கொண்டது; நடுவர்கள் நீண்ட பக்கம் ஒன்றில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சியின் முகம் பெரும்பாலும் அவர்களை நோக்கியே அமைக்கப்படுகிறது. அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கண்களும் கைகளும் நேராகத் தெரியும், எதிர்ப்பக்கத்துக்கு முதுகு அடிக்கடி கிடைக்கும். இருந்தாலும் முதல் வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். தாவலின் உயரத்தைக் காண்பதற்குக் கீழ் வரிசை நல்லதுதான், ஆனால் பனியில் அவர்கள் வரையும் வளைவுகளையும் தளம் முழுவதையும் எத்தனை விரைவாகக் கடக்கிறார்கள் என்பதையும் காணச் சற்று உயரமான நடு வரிசையே தேவை. திரையில் கேமரா கூடவே ஓடுவதால் வேகம் மறைந்துபோகிறது. நேரில் போவதன் பெரும்பயனே அந்த வேகமும் கத்தி பனியை அரியும் ஓசையும்தான். உலகச் சாம்பியன்ஷிப்பில் முழுப்போட்டிச் சீட்டு எடுத்தால் அரங்கின் ஒரே இருக்கை எல்லா நாளும் நம்முடையது. தனித்தனிச் சீட்டாக எடுத்தால் ஆத்தா வராத நாளில் செலவு மிச்சமாகும். மூவரும் போவதென்றால் எங்களுக்குப் பொருந்துவது இரண்டும் கலந்த வழி: இளையவளுக்கும் எனக்கும் முழுச்சீட்டு, ஆத்தாவுக்கு இணைச் சறுக்கலும் காட்சி நிகழ்ச்சியும் மட்டும்.

இனி சீட்டுக்கும் விசாவுக்கும் வருகிறேன். இந்த ஒப்பீட்டின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. டாம்பரேயில் சீட்டு வாங்குவது பணம் இருந்தால் முடிகிற காரியம். இணையத்தில் இருக்கையைத் தேர்ந்து பணம் கட்டினால் முடிந்தது. விசாதான் பின்னால் வரும் கேள்வி. ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள், சில வேளைகளில் 45 நாள் வரை ஆகலாம். பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, விரல் ரேகைக்காக மூவரும் சென்னைக்குப் போய் வர வேண்டும். அதாவது திரும்பக் கிடைக்காத பணத்தை முதலில் போட்டுவிட்டு அனுமதிக்காகப் பின்னர் காத்திருக்கிறோம். உறவினர் ஒருவர் இந்த வரிசையில் இறங்கி, விசா மறுக்கப்பட்டு, விமானச் சீட்டுத் தொகையில் பெரும்பகுதியை இழந்ததைக் கண்டவன் நான். அதனால்தான் இந்த வரிசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஜப்பானில் இந்த வரிசை தலைகீழாகிறது. விசா, ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் சில வேலைநாள்களில் முடிந்துவிடுகிறது. ஒருமுறை நுழையும் விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதால் அதை வெகுமுன்னரே வாங்கி வைப்பதிலும் பொருளில்லை. அங்கே கடினமானது சீட்டு. விற்பனை பெரும்பாலும் குலுக்கல் முறையில் நடக்கிறது; விண்ணப்பிக்க ஜப்பானியக் கைப்பேசி எண் கேட்பதும், பணத்தை அங்குள்ள கடைகளில் கட்டச் சொல்வதும் வழக்கம். வெளிநாட்டவருக்கெனத் தனி வழி திறக்கிறார்களா என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கே வேலை பார்க்கும் நம்மவர் யாரையாவது நம்பியிருக்க வேண்டும். கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வது 2019 ஜூனிலிருந்து அங்கே சட்டப்படி குற்றம். வாசலில் பெயரையும் அடையாள அட்டையையும் சரிபார்ப்பதும் உண்டு. ஆகவே கள்ளச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கிளம்பக் கூடாது. இந்தக் குலுக்கலுக்குத் தனியாக ஒரு நன்மை உண்டு: தோற்றால் ஒரு பைசாகூட இழப்பில்லை. சீட்டு கிடைத்தால்தான் விமானத்துக்கும் விசாவுக்கும் பணம் போடுகிறோம்.

போகும் வழியில் எங்கள் ஊருக்கு ஜப்பானே வசதி. திருச்சி விமான நிலையமும் மதுரை விமான நிலையமும் காரைக்குடிக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில், காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதையில் இருக்கின்றன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் இருப்பதால், அங்கே மாறி ஒசாகாவுக்கோ டோக்கியோவுக்கோ போவது ஒரே மாற்றத்தில் முடிகிறது. மாற்றத்துக்கு நாள் கணக்கில் இடைவெளி வைத்துச் சிங்கப்பூரில் இறங்கினால், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் ஆத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். ஆனால் அதற்கு விசா விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், செலவுக் கணக்கில் அது என் ஆசையாக மட்டுமே நிற்கிறது. டாம்பரேக்கு என்றால் முதலில் சென்னையோ டெல்லியோ போக வேண்டும். சென்னையிலிருந்து தோஹா வழியாகவோ, டெல்லியிலிருந்து நேராகவோ ஹெல்சிங்கி போய், அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் டாம்பரே. வழி நீளம் என்றாலும் சேர்ந்த பிறகு அலைச்சல் இல்லை: போட்டி நடக்கும் நோக்கியா அரங்கம் ரயில் நிலையத்துக்கு அருகில், தண்டவாளங்களுக்கு மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஒசாகா என்றால் 2025இல் நடந்த கடோமா அரங்கத்துக்கு நகரத்திலிருந்து மெட்ரோவில் போய், இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். நேர வேறுபாட்டில் மட்டும் வேடிக்கையாக ஒரு சமநிலை: ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், பின்லாந்து குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்னால்.

குளிரில் சமநிலை இல்லை. டாம்பரேயில் மார்ச் இறுதியிலும் தரையில் பனி கிடக்கலாம், வெப்பநிலை சுழியத்தைச் சுற்றியே இருக்கும். கால்களுக்குப் பிடிமானமான காலணி முதல் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும், அப்படி வாங்கியவற்றை மறுபடி காரைக்குடியில் எங்கே போடுவது? நவம்பரில் ஒசாகா, டோக்கியோ இரண்டும் ஊட்டியைப் பழகியவர்களுக்குப் பழகிய குளிர்தான். அரங்கத்துக்குள் எங்கு போனாலும் கம்பளிச் சால்வை தேவை.

சாப்பாட்டுச் சிக்கலில் டாம்பரேக்குச் சாதகம். ஜப்பானில் காய்கறிச் சாற்றிலும் நூடுல்ஸ் குழம்பிலும்கூட உலர்ந்த மீனில் செய்த தாஷி கலந்திருக்கும். ஆத்தா சைவம் என்பதால் ஒவ்வோர் வேளையும் விசாரித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். பின்லாந்தின் பெரிய அங்காடிகளில் ரொட்டியும் பழமும் சைவப் பொட்டலங்களும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் கட்டுச்சோற்றில் கை வைக்கும்போது இது மாறுகிறது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள்களையும் இறைச்சியையும் தனிநபர் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் நெய் ஊற்றிப் பிடித்த மாவுருண்டை சுங்கத்தில் சிக்கலாம். தேன்குழலும் சீப்புச் சீடையும் எண்ணெயில் பொரித்தவை. பால் பொருள் சேர்க்காமல் செய்தால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டு நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் மார்ச் இறுதிக்குப் பெரிய தடை பள்ளியின் ஆண்டுத் தேர்வுதான். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா அந்த மாதத்திலேயே முடிந்துவிடும், அதனால் ஆத்தாவுக்குத் தடை இல்லை. நவம்பரில் தேர்வு நெருக்கடி இல்லை, தீபாவளி தள்ளி நின்றால் போதும். இளையவள் அடுத்த ஆண்டு பிளஸ் 2 போய்விட்டால் அந்த வருடம் எங்குமே போக முடியாது என்பதால், 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வழியும் அடைபட்டிருக்கிறது.

ஐந்தொகை போட்டுப் பார்க்கும்போது, இவை இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கவில்லை என்று தெரிகிறது; முன்னும் பின்னுமாக வருகின்றன. நவம்பர்ப் போட்டியின் குலுக்கல் முடிவு தெரிந்த பிறகும், மார்ச்சுக்கு ஷெங்கன் விண்ணப்பம் கொடுக்க நாள் மிச்சமிருக்கும். ஆகவே என்.எச்.கே. குலுக்கலில் மூன்று சீட்டுக்கு விண்ணப்பிப்பது. ஒசாகாவிலோ டோக்கியோவிலோ இருக்கும் நண்பர் ஒருவர் வழியாக அதைச் செய்வது. கிடைத்தால் ஜப்பான், செலவு ஏழு லட்சத்துக்குள் நிற்கும் என்பது என் கணிப்பு. கிடைக்கவில்லை என்றால் மூவரில் இருவர் மட்டும், ஆத்தா இல்லாமல், டாம்பரேக்கு; அப்போதும் ஆண்டுத் தேர்வு அட்டவணை வந்த பிறகே விமானச் சீட்டு. அதுவரைக்கும் டாம்பரேயில் எடுப்பது ஃப்ரீ ஸ்கேட் நாள்களுக்கான தனிச்சீட்டு மட்டும். தவறினால் இழப்பு தாங்கக்கூடியது.

இந்த முடிவை ஆத்தாவிடம் சொன்னபோது, எங்கள் வளவின் சுவரில் பதித்திருக்கும் ஜப்பான் பூக்கல்லைக் கைகாட்டி, "அய்யா காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் அது வந்தது, நாம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் கணக்கு சரியாகும்" என்றார்கள். குலுக்கல் விண்ணப்பத்தில் மூன்றாவது பெயராக அவர்களுடைய பெயரையே எழுதி வைத்திருக்கிறேன்.